அரம் டாக்டர் பார்த்தது

குதிரை லத்தியைக் குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் அவர் மனிதர்களைப் பார்த்து "சௌக்கியமா?" என்று கேட்பார். அரியலூர் ஸ்டேஷன் வாசலில் ஜட்காக்கள் நிற்கும் இடத்துக்கு வந்ததும் சைக்கிளைப் புளியமரத்தில் சாய்ப்பார். தொப்பியைக் கழற்றி ஹாண்டில்பாரில் மாட்டுவார். கீழே கிடக்கிற குச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். சர்க்கார் சம்பளம் வாங்குகிற டாக்டர், பட்டணத்தில் படித்தவர், ரயில் இறங்கிப் போகிற ஜனமெல்லாம் பார்க்க அப்படி உட்கார்ந்து கிளறிக்கொண்டிருப்பார். லத்தியில் கொள்ளு முழுசு முழுசாகக் கிடந்தால் போச்சு. "இது யாரு குதிரை? மெல்லாம முழுங்குதே, வாயைப் பாக்கணுமே!" என்று தலையைத் தூக்குவார்.

அதற்குள் பாதி வண்டிகள் காணாமல் போயிருக்கும். சவாரி இல்லாதவனும் சவாரி கிடைத்துவிட்ட மாதிரி சாட்டையைச் சொடுக்கிக்கொண்டு தெருவுக்குள் ஓடிவிடுவான். "அரம் டாக்டர் வர்றாருடோய்" என்று யாராவது குரல் கொடுத்தால் போதும்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் அவர். நாங்கள் எல்லாரும் வைத்த பெயர் அரம் டாக்டர். காக்கிப் பையிலிருந்து ஒரு முழக் கைப்பிடி எப்போதும் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில்தான் அரம். குதிரைக்குக் கடைவாய்ப் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்குமாம். மெல்ல மெல்லத் தேயுமாம். ஆனால் ஒரே சீராகத் தேயாதாம். மேல்பல்லின் வெளிப்பக்கமும் கீழ்ப்பல்லின் உள்பக்கமும் கத்தி மாதிரி விளிம்பு கட்டிக்கொண்டு கன்னத்தையும் நாக்கையும் அறுக்குமாம். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் அந்த விளிம்பை ராவி விட வேண்டும். இது அவர் கட்சி. குதிரைக்கு ஒன்றும் வராமல் இருக்கும்போதே வந்து நிற்பார் என்பதுதான் எங்களுக்குப் பிடிக்கவில்லை. நோய் வந்தால் டாக்டர் வரலாம். நன்றாகத் தின்று, நன்றாக ஓடுகிற குதிரைக்கு டாக்டர் எதற்கு? "சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்று என் மாமியார் சொல்வார்கள்.

என் வீட்டுக்காரர் அந்த ஸ்டேஷனில்தான் ஜட்கா ஓட்டினார். சண்டைக் காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரியைப் போட்டுப் புகையில் ஓடின. பாதி நாள் அதுவும் ஓடாது. பெரம்பலூர் போகிறவருக்கும் கீழப்பழுவூர் போகிறவருக்கும் ஜட்காவை விட்டால் கதி இல்லை. ராவுத்தர் என்றாலே குதிரைக்காரன் என்று பெயர்தான் பெரிசு, எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பெட்டைக் குதிரை. செவலை. வீட்டில் நான், வீட்டுக்காரர், மாமி, நாத்தனார் மைமூன். சம்பாதிக்கிறது செவலை, சாப்பிடுகிறது நாம் என்று மாமி அடிக்கடி சொல்லிக் காட்டுவார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

டாக்டரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது அவர் பேச்சு. அப்பப்பா, என்ன பேச்சு! மழை பெய்ததைப் பேசுவார், பெய்யாததைப் பேசுவார். குன்னத்தில் பருத்தி எப்படி, வேப்பந்தட்டையில் சோளம் எப்படி, யார் வீட்டு எருமை இரட்டைக் கன்று போட்டது, எந்த ஊர் மோர் நன்றாக இருக்கும், எல்லாம் பேசுவார். கேட்கிறவர் எழுந்து போனாலும் மீதியைக் குதிரையிடம் பேசி முடிப்பார். ஆனால் ஒரு குதிரையின் வாய்க்குள் கையை விட்டார் என்றால் பேச்சு நின்றுவிடும். கையை வெளியே எடுத்து, சிவப்பு மருந்துத் தண்ணீரில் கழுவித் துடைத்த பிறகுதான் மறுபடி வாய் திறப்பார். அப்போதும் அந்த வாய்க்குள் என்ன பார்த்தார் என்று சொல்லமாட்டார். கன்னத்தில் புண் இருந்தால் சொந்தக்காரரிடம் மட்டும் சொல்வார். முன்பல்லைப் பற்றி, சொந்தக்காரரே கேட்டாலொழிய, யாரிடமும் ஒரு வார்த்தை கிடையாது.

பேச்சு நிற்கிறதற்குக் காரணம் இருந்தது. வலது கைச் சுண்டுவிரலில் பாதி இல்லை. முன்பு மிலிட்டரியில் கோவேறு கழுதைகளுக்குப் பல் பார்த்துக்கொண்டிருந்தவராம். அங்கே வரிசையாகக் கட்டி வைத்திருப்பார்களாம். நோய் உண்டா இல்லையா என்ற பேச்சே கிடையாது. முறை வந்தால் வாயைத் திறக்க வேண்டியதுதான். அந்தப் பழக்கத்தைத்தான் எங்கள் ஊருக்கும் கொண்டுவந்து சேர்த்தார். அங்கே ஒரு கழுதை விரலைக் கடித்துவிட்டது. "பாவி மிருகம்!" என்று நான் சொன்னதற்கு அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"அது மேல தப்பே இல்லம்மா. நான்தான் பேசிக்கிட்டே கையை விட்டேன். வாய்க்குள்ள கை இருக்கறப்ப கவனம் வேற எங்க போனாலும் கழுதைக்குத் தெரிஞ்சிரும்."

"அதுக்குன்னு கடிக்கணுமா?"

"சொல்லிப் பாத்துச்சு. ரெண்டு தடவை தலையை ஆட்டிச்சு. நான் கேக்கலை. குதிரைன்னா பயந்து ஓடப் பாக்கும். கோவேறு கழுதை யோசிச்சுட்டுத்தான் கடிக்கும்."

இப்படிக் கழுதைக்காக வாதாடுகிற மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பெரம்பலூர்ப் பக்கம் ரோடு போட்ட காண்டிராக்டர் ஒருவர் இரண்டு கோவேறு கழுதைகள் வைத்திருந்தார். ஜல்லி சுமக்கிற வாயில்லா ஜீவன்கள், அவற்றை யார் சீண்டுவார்கள்? இவர் சைக்கிள் மிதித்துக்கொண்டு அங்கே போய் அவற்றுக்கும் முறை வைத்து ராவிவிட்டு வருவார். போய்வந்த அன்று முகம் கல்யாண வீட்டுக்குப் போய்வந்த மாதிரி இருக்கும்.

முன்பல் சமாசாரம் தெரிந்தால்தான் அவருடைய மௌனத்தின் மதிப்புத் தெரியும். குதிரையின் வயது முன்பல்லில் இருக்கிறது. பல்லின் தலையில் ஒரு குழி. வயது ஆக ஆக அந்தக் குழி தேய்ந்து மறையும். வண்டிக்காரர்கள் எல்லாரும் அவரவர் குதிரைக்கு ஒரு வயதைச் சொல்லி வைத்திருப்பார்கள். அந்த வயது ஏறவே ஏறாது. நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது செவலைக்கு ஏழு வயது என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு இரண்டு பிள்ளை பிறந்து தவறிய பிறகும் அவளுக்கு ஏழுதான். டாக்டர் அத்தனை குதிரையின் வாயையும் பார்த்தவர். அவர் ஒரு நாள் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்ல ஆரம்பித்தால் அரியலூரில் பாதிப் பேர் பொய்யர் ஆகிவிடுவார்கள்.

குதிரைத் தரகர் ஒருவர் இருந்தார். டாக்டரைக் காப்பிக் கடைக்கு அழைத்துப் போய் உபசாரம் செய்து, "அந்த வெல்லமண்டிக்காரர் குதிரைக்கு நெசமான வயசு என்னங்க?" என்று மெல்லக் கேட்டாராம்.

"ஒங்களுக்கு என்ன வயசுங்க?" என்றாராம் டாக்டர்.

"நாப்பத்தஞ்சு ஆவுதுங்க."

"பாத்தா தெரியலையே! அது மாதிரிதான் அதுவும்."

காப்பியைக் குடித்துவிட்டு, பில்டர் காப்பிக்கும் கடுங்காப்பிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு எழுந்து போய்விட்டாராம். தரகர் தலையில் அடித்துக்கொண்டதாகக் கேள்வி.

நானும் ஒரு தடவை கேட்டேன். எங்கள் வீட்டுக் குதிரை, நான் கொள்ளு அவித்துப் போட்டு வளர்க்கிற குதிரை, அதன் வயதை நான் கேட்கக் கூடாதா? "ஒங்க வூட்டுக்காரர்கிட்ட கேளுங்கம்மா" என்றார். "அவருதான் ஏழு ஏழுங்கறாரே!" என்றேன். "அப்ப ஏழுதான்" என்று சொல்லிவிட்டு மழையைப் பற்றி ஆரம்பித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கேள்வியைக் கேட்டது, அவர் செவலைக்கு முதல் தடவை ராவின அன்றைக்குத்தான். அதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் அவர் கண்ணில் படாமல் தப்பித்துக்கொண்டே இருந்தார். அன்று மத்தியானம் அவர் பெரம்பலூர் சவாரி முடித்து வந்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். டாக்டர் வாசலில் வந்து நின்றார். கொட்டகைக்குள் வெளிச்சம் இல்லை, கூரையும் தாழ்வு. நான்தான் செவலையை அவிழ்த்துத் தெருவுக்குக் கொண்டுவந்தேன். சர்க்கார் டாக்டர் வந்து நிற்கும்போது எப்படி மறுப்பது? அதோடு எனக்கும் சந்தேகம் இருந்தது. சில நாட்களாகவே செவலை புல்லை மென்று மென்று பாதியில் துப்பிக்கொண்டிருந்தாள். கொட்டகையில் சக்கை உருண்டை உருண்டையாகக் கிடக்கும். மாமி திருஷ்டி என்று மிளகாய் சுற்றிப் போட்டிருந்தார்கள்.

"கன்னத்தை வெளியில இருந்து இப்படி அழுத்திப் பாருங்க" என்றார் டாக்டர். அழுத்தினேன். செவலை வெடுக்கென்று தலையை இழுத்துக்கொண்டாள். பிறகு அவர் கடைவாய் இடுக்கு வழியாகக் கையை விட்டு நாக்கைப் பிடித்து ஒரு பக்கமாக வெளியே இழுத்துக்கொண்டு, மறு கையால் அரத்தை உள்ளே விட்டார். அந்தச் சத்தம் இருக்கிறதே! அம்மிக்கல்லில் இரும்புக் கரண்டியைத் தேய்த்தால் எப்படி இருக்கும், அப்படி. எனக்குப் பல்லெல்லாம் கூசிப்போனது. எதிர்வீட்டில் பிள்ளை அழுதது. செவலை முதலில் கண்ணை உருட்டினாள், அப்புறம் பாதிக் கண் மூடி நின்றாள். முடித்துவிட்டு, "இப்ப அழுத்துங்க" என்றார். அழுத்தினேன். தலை அசையவில்லை. எனக்குச் சந்தோஷம். ராத்திரி அவள் புல் தின்கிற சத்தமே வேறு மாதிரி இருந்தது.

அந்தச் சந்தோஷம் நாலு நாள்கூட நிற்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். குதிரை வாயைச் சும்மா யாரும் திறக்கமாட்டார்கள். வாங்குகிறவன்தான் பல்லைப் பிடித்துப் பார்ப்பான், விற்கிறவன்தான் திறந்து காட்டுவான். ஆகவே ஒரு வீட்டு வாசலில் குதிரையை நிறுத்தி வாயைத் திறந்து பிடித்திருந்தால், குதிரை விலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். ஜட்காக்காரன் குதிரையை விற்கிறான் என்றால் குடும்பம் நொடித்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் கலவரத்தில்தான் டாக்டரைக் கண்டு வண்டிக்காரர்கள் ஓடினார்கள். அரத்தின் சத்தத்துக்குப் பயந்து ஓடுகிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எனக்கு இந்த வழக்கம் தெரியாதா என்று கேட்டால், நன்றாகத் தெரியும். டாக்டர்தானே பார்க்கிறார், அது வேறு இது வேறு என்று நினைத்தேன். ஊர் அப்படி நினைக்கவில்லை.

நான் செவலையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்ற நேரம் பார்த்து, லெப்பைக்குடிக்காட்டு வெற்றிலைக்காரர் ரயில் இறங்கி அந்த வழியாகப் போயிருக்கிறார். மைமூனுக்கு அந்த ஊரில் ஒரு மாப்பிள்ளையைப் பேசி முடித்து வைத்திருந்தவரே அவர்தான். மைமூனுக்கு இருபது தாண்டிவிட்டது. இப்போது இருபது ஒரு வயதா? அப்போது அது பெரிய வயது. மாமனார் மவுத்தான பிறகு வந்த நல்ல இடம் இது ஒன்றுதான். மாப்பிள்ளைக்கு ஆற்றுக்கு அக்கரையில் திட்டக்குடியில் கோரைப்பாய்க் கடை. அவருடைய அத்தா, அந்த வீட்டுப் பெரியவர், நல்ல வசதி, வெள்ளைக் குதிரை ஒன்று வைத்திருந்தார். அந்தக் குதிரையின் பெருமையை அந்த ஊரில் கேட்காத காது இல்லை. மாமி வெற்றிலை பாக்கு மாற்றிய நாளிலிருந்து தரையில் கால் படாமல் நடந்துகொண்டிருந்தார்கள்.

நாலாம் நாள் வெற்றிலைக்காரர் வந்தார். உட்காரவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. இப்போதைக்கு வேணாமுன்னு அவங்க வூட்ல சொல்றாங்க. கொஞ்ச நாள் போவட்டும்னு…"

"ஏன், எம்பொண்ணுக்கு என்ன கொறை?"

"பொண்ணைச் சொல்லலை. குதிரையை விக்கிற நெலமையில இருக்கற வூட்ல சம்மந்தம் பண்ணினா நாளைக்கு நம்ம தலையிலதானே வந்து விடியும்கறாரு பெரியவரு."

மாமி பொலபொலவென்று கண்ணீர் விட்டார்கள். நடந்ததைச் சொல்லிப் பார்த்தோம், டாக்டர், அரம், கன்னத்துப் புண் என்று. "நல்லா இருக்கற குதிரைக்குப் பல்லு வைத்தியமா!" என்று வெற்றிலைக்காரர் சிரித்தார். அவர் நம்பாதது மட்டும் இல்லை, நாங்கள் பொய்யும் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டு போனார். மைமூன் முறத்தில் கொள்ளுக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பொறுக்கி முடித்த கொள்ளையே திரும்பக் கொட்டி மறுபடி பொறுக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் டாக்டர் தற்செயலாக அந்தப் பக்கம் வந்தார். நான் சும்மா விடுவேனா? முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வாசல்படிக்கே போய்விட்டேன்.

"டாக்டரய்யா, எங்க மேல ஒங்களுக்கு என்ன கோவம்?"

அவர் மிரண்டுபோனார். ஒன்று விடாமல் சொன்னேன். கேட்கக் கேட்க சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு எங்கள் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"வாயைத் தெறந்து பாத்தா விக்கிறதா அர்த்தமா? எனக்கு ஒருத்தரும் சொல்லலையே!"

"வூட்டு வாசல்ல நின்னு தும்மினா ஒக்காந்துட்டுப் போவணும்னு யாராவது சொல்லியா குடுக்கறாங்க? தெரியணும்!"

"அப்ப இத்தனை நாளா நான் ஊர் ஊரா…"

"ஆமா. குதிரை வச்சிருக்கற அத்தனை பேரையும் திவாலாக்கிட்டீங்க!"

அவர் முகத்தைப் பார்த்ததும் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று தோன்றியது. ஆனாலும் மைமூனை நினைத்துக்கொண்டேன், வாபஸ் வாங்கவில்லை. "நானே லெப்பைக்குடிக்காடு போய் அந்தப் பெரியவர்கிட்ட எடுத்துச் சொல்றேன்" என்றார். உள்ளேயிருந்து மாமி, "வேணாம்ப்பா. நீங்க போய்ச் சொன்னா நாங்க சொல்லிக் குடுத்து அனுப்பினோம்பாங்க. ஒலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?" என்றார்கள். டாக்டர் எழுந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து போனார். ஏறி மிதிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஆளையே காணோம். பத்து நாள் கழித்து வெற்றிலைக்காரர் வந்தார். இந்தத் தடவை கேட்காமலே உட்கார்ந்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"ஒங்க அரம் டாக்டர் எங்க ஊருக்கு வந்தாரு அக்கா. சர்க்கார் கேம்ப்பாம். நேரா பெரியவர் வூட்டுக்கு வந்து, 'குதிரைக்குப் பல்லு பாக்கணும்'ங்கறாரு. பெரியவர் கொட்டகைக்குள்ள கூட்டிட்டுப் போனாரு. டாக்டர், 'இங்க வெளிச்சம் இல்லைங்க'ன்னு சொல்லி வெள்ளைக் குதிரையை நடுத்தெருவுக்குக் கொண்டாந்து, ஜும்மா முடிஞ்சு ஜனமெல்லாம் வர்ற நேரம், வாயைப் பொளந்து புடிச்சுக்கிட்டு நிக்கறாரு!"

"யா அல்லா!" என்றார்கள் மாமி.

"பெரியவருக்கு மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே! தெரு முழுக்க நின்னு பாக்குது. ஒருத்தன், 'என்ன வயசுங்க டாக்டர்?'னு கேக்கறான். டாக்டர், 'நான் வயசு பாக்க வரலைங்க, புண்ணு இருக்கான்னு பாக்க வந்தேன்'னுட்டாரு. அன்னைக்கு அசர் தொழுகைக்குள்ள ரெண்டு தரகர் வந்து வெலை கேக்கறான். மறுநா காலையில இன்னொருத்தன் வேப்பந்தட்டையில இருந்து வரான். பெரியவர் வாசல்ல நின்னு கத்தறாரு, 'விக்கலைடா! பல்லு வைத்தியம்டா! நல்லா இருக்கற குதிரைக்கும் பாக்கணுமாம்டா!'ன்னு. எத்தனை பேருக்குத்தான் சொல்லுவாரு? அப்பதான் என்னைத் திரும்பிப் பாத்தாரு. 'அப்ப அரியலூர்லயும் இதானா?'ன்னாரு. 'இதேதாங்க'ன்னேன். நிக்காஹ்வுக்கு நாள் பாக்கச் சொல்லி அனுப்பியிருக்காரு."

மாமி இரண்டு கையையும் ஏந்தி துஆ செய்தார்கள். என் வீட்டுக்காரர் பெருமை தாங்காமல் மீசையைத் தடவினார். எனக்கு வந்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒன்றும் தெரியாத மனிதர் என்று நினைத்தோமே, மனிதர் என்ன வேலை செய்திருக்கிறார்!

மைமூன் மட்டும் சிரிக்கவில்லை.

"நான் இன்னும் சம்மதம் சொல்லலைம்மா" என்றாள்.

"என்னடி சொல்ற?"

"குதிரை வாயைத் தெறந்ததுக்கே என்னை வேணாம்னவங்க, நாளைக்கு நான் வாயைத் தெறந்தா என்ன சொல்லுவாங்க? எனக்கு ஒண்ணு தெரியணும். டாக்டர் வரட்டும்."

மாமிக்கு வந்ததே கோபம். "மாட்டு டாக்டர்கிட்டயாடி மாப்பிள்ளையைப் பத்தி விசாரிக்கிறது? ஊரு கேட்டா சிரிக்கும்!" என்று கத்தினார்கள். மைமூன் அசையவில்லை. சாதுவான பெண்தான், ஆனால் பிடித்தால் பிடிதான். அந்த நாட்களில் வீட்டில் சோறு இறங்கவில்லை யாருக்கும். கிடைத்த இடம் மறுபடி கை நழுவிவிடுமோ என்று மாமி பயந்தார்கள், நானும் பயந்தேன். ஆனால் அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அதனால் நான் அவள் பக்கம்தான் நின்றேன்.

டாக்டர் வந்தார். வழக்கம்போலச் செவலையின் லத்தியைக் கிளறினார். கொள்ளு அரைபட்டு வந்திருந்ததில் அவருக்கு ஏகத் திருப்தி. வேணும்னே செய்தீர்களா என்று நான் கேட்டதற்கு, "அந்தப் பக்கம் கேம்ப் போட வேண்டியிருந்துச்சும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு லெப்பைக்குடிக்காட்டு ஆற்றுமணலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கதவுக்குப் பின்னாலிருந்து மைமூன் கேட்டாள்.

"டாக்டரய்யா, அந்த வூட்டுக் குதிரை வாயில புண்ணு இருந்துச்சா?"

பேச்சு நின்றுவிட்டது. "நான் பாத்ததை வெளிய சொல்றதில்லம்மா" என்றார்.

"குதிரை வாயில பாத்ததைச் சொல்ல வேணாம். அதைக் காட்டினப்ப அந்த வூட்டு மனுசங்க என்ன செஞ்சாங்க? அதை மட்டும் சொல்லுங்க. நான் அந்த வூட்ல போய் இருக்கணும்."

அவர் தொப்பியைக் கையில் எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமி வாசல் ஓரத்தில் வந்து நின்றார்கள். கடைசியில் தரையைப் பார்த்தபடி பேசினார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"பெரியவர் எங்கிட்ட வயசைத்தான் கேட்டாரும்மா. காதோட சொன்னேன். அப்படியே உள்ள போயிட்டாரு. அப்பறம் கொல்லையில வச்சு ராவறப்ப அந்த மாப்பிள்ளைத் தம்பி ஒருத்தர்தான் குதிரையைப் புடிச்சுக்கிட்டிருந்தாரு. 'நான் தொட்டுப் பாக்கலாங்களா'ன்னாரு. கையை விட்டாரு. பல்லு விளிம்பு அவர் விரலையே கீறிருச்சு. ரத்தத்தைப் பாத்துட்டு, 'இதோடயா இது நான் போட்ட கடிவாளத்தைக் கடிச்சுக்கிட்டு ஓடுச்சு? தலையை ஆட்டுதுன்னு அடிச்சேனே!'ன்னாரு. அழுதாரும்மா. சின்னப் புள்ளை மாதிரி அழுதாரு. 'புண்ணு ஆறற வரைக்கும் கடிவாளம் போட வேணாம்'னு நான் சொன்னேன். உள்ளேருந்து பெரியவர், 'அப்ப கடைக்கு எதுல போறது?'ன்னு கத்தினாரு. தம்பி பதில் பேசலை. கடிவாளத்தைக் கழட்டி கூரை எரவாணத்துல சொருகினாரு. நான் அந்த ஊர்ல இருந்த மூணு நாளும் பாய்க் கட்டைத் தலையில வச்சுக்கிட்டு ஆத்துல எறங்கி நடந்துதான் கடைக்குப் போனாரு."

செவலை புல்லை மென்றுகொண்டிருந்தாள். பிறகு மைமூன் என்னைத்தான் கூப்பிட்டாள்.

"மச்சி, அம்மாட்ட சரின்னு சொல்லுங்க."

மாமி அங்கேயே உட்கார்ந்து முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன், இதில் என்ன வெட்கம்? டாக்டர் மட்டும் ஏதோ திருடிவிட்டு அகப்பட்டுக்கொண்டவர் போல நின்றார். முகம் காது மடல்வரை சிவந்துபோயிருந்தது. சைக்கிளை எடுத்தார், திரும்ப வைத்தார், என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா. ஒரு ஆம்பளை அழுததைப் போய் நான் வெளிய சொல்லிட்டேன்."

"சத்தியமா சொல்லமாட்டேன் டாக்டரய்யா" என்றேன்.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். எப்பேர்ப்பட்ட மாப்பிள்ளை எங்கள் மைமூனுக்கு! அதைச் சொல்லாமல் இருக்க நான் என்ன மாட்டு டாக்டரா?